கடவுச்சொல் சரி, ஆனாலும் கணினி உள்ளே விடவில்லை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துச் சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். தணிக்கையாளர் அலுவலகம், மருந்து மொத்த வியாபாரம், சிப்காட்டுக்குப் பொருள் சப்ளை செய்யும் நிறுவனம் என்று பலவகை. எங்கே போனாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: சில கணினிகள், ஒரு விண்டோஸ் சர்வர், யாருடைய மேசைக்கு அடியிலோ தூசி படிந்து கிடக்கும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சுவிட்ச் பெட்டி. பழுதுகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றில் எனக்கு எரிச்சல் மூட்டுவது பழுது அல்ல, அதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து: "அந்தப் பையனை அட்மின் ஆக்கிவிடுங்கள் சார், வேலை நடக்கட்டும்."

அட்மின் என்றால் கணினியில் எதையும் மாற்ற உரிமையுள்ள நிர்வாகி. வேலை நடக்கும்தான். அந்தப் பையன் அடுத்த வாரம் எதையோ பதிவிறக்கி நிறுவுவான், மறுவாரம் என் கைப்பேசி ஒலிக்கும். உள்ளே விட மறுக்கும் கணினிக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமும் இல்லை. ஆனால் மாதத்தின் 20ஆம் தேதி மாலையில் இதை ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் சொல்லிப் பாருங்கள். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். யாருக்கும் காரணம் வேண்டாம், திரை திறந்தால் போதும்.

மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து அப்படி ஒரு நாளில்தான் அழைப்பு வந்தது. பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர். அவருடைய மேசைக் கணினியில் காலையிலிருந்து சிக்கலில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறார். ஜன்னலோரக் கணினியில் உட்காரச் சொன்னால் அது விட மறுக்கிறது. நிறுவனங்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகித் தாக்கல் செய்வதற்கென்று வைத்திருக்கும் கணினி அது. வழக்கமாக அதில் உட்காருபவர் அன்று விடுப்பு. மூத்த கணக்கர் சர்வரில் போய் அந்தப் பெண்ணின் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்துவிட்டார். பலனில்லை. இன்னொரு முறையும் மாற்றியிருக்கிறார். பாவம் அந்தப் பெண், தான்தான் தப்பாகத் தட்டச்சு செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"திரையில் என்ன வருகிறது?" என்று கேட்டேன்.

"பாஸ்வேர்ட் தப்பு என்றுதான் சார் வருகிறது," என்றார் கணக்கர்.

இதை நான் நம்புவதில்லை. திரையில் எது வந்தாலும் அலுவலகத்தில் எல்லோரும் அதை "பாஸ்வேர்ட் தப்பு" என்றே படிப்பார்கள். ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் கடவுச்சொல்லைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் உள்நுழைய முயலும் முறைக்கு இங்கே அனுமதி இல்லை, உங்கள் வலையமைப்பு நிர்வாகியைக் கேளுங்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருந்தது. இதற்குப் பின் கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் அந்தக் கதவு திறக்காது.

ஏனென்று புரிந்துகொள்ள வாக்குச்சாவடியை நினைத்துக்கொண்டால் போதும். உங்கள் வாக்காளர் அட்டை அசலானது, முகமும் பொருந்துகிறது. ஆனால் இந்தச் சாவடியின் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது. அட்டையைப் புதிதாக அச்சடித்து வந்தாலும் பதில் அதுவேதான். கணினியும் இப்படி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. சொல்லிக்கொள்ளும் ஆள்தானா நீ என்பது முதல் கேள்வி, டொமைன் உள்ள அலுவலகத்தில், அதாவது எல்லாக் கணினிகளையும் பயனர்களையும் ஒரு சர்வரின் கீழ் சேர்த்துவைத்த அலுவலகத்தில், அதற்குப் பதில் சர்வரில் இருக்கிறது. இந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார உனக்கு உரிமை உண்டா என்பது இரண்டாவது, அந்தப் பட்டியல் அந்தந்தக் கணினியில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியில் தோற்றவருக்கு முதல் கேள்விக்கான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார் கணக்கர்.

நேரில் போனதும் நான் முதலில் திறந்தது ஈவென்ட் வியூவர், கணினியில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேடுகளைக் காட்டும் விண்டோஸ் கருவி. அதில் பாதுகாப்புப் பதிவேடு என்ற பகுதி இருக்கும். தோற்றுப்போன ஒவ்வோர் உள்நுழைவும் அங்கே 4625 என்ற எண்ணில் பதிவாகும். அந்தப் பதிவைத் திறந்து கீழே இறங்கினால் நிலைக் குறியீடு, துணை நிலைக் குறியீடு என்று நீளமாக இரண்டு எண்கள் தென்படும். முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், வால் பகுதி போதும். 6ஏ என்று முடிந்தால் கடவுச்சொல் உண்மையிலேயே தவறு. 64 என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை. 234 என்றால் பயனர் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, 72 என்றால் முடக்கப்பட்டிருக்கிறது, 193 என்றால் கணக்கின் காலம் முடிந்துவிட்டது. 6எஃப் வந்தால் அனுமதித்த நேரத்துக்கு வெளியே நுழையப் பார்த்திருக்கிறார். 70 வந்தால் அந்தப் பயனர் இன்னின்ன கணினிகளில் மட்டும்தான் நுழையலாம் என்று சர்வரில் கட்டிவைத்திருக்கிறார்கள். 15பி என்று முடிந்தால் ஆள் சரி, கடவுச்சொல் சரி, இந்த வகையில் நுழையும் உரிமை மட்டும் இல்லை.

மஞ்சக்குப்பத்தில் வந்தது 15பி.

அதே பதிவில் உள்நுழைவு வகை என்று இன்னொரு சிறிய எண் இருக்கும், அதையும் விடக் கூடாது. நேரே விசைப்பலகை முன் உட்கார்ந்தால் 2. வலையமைப்பு வழியாகப் பகிர்ந்த கோப்புறையைத் தொட்டால் 3. பூட்டிய திரையைத் திறந்தால் 7. வேறொரு கணினியிலிருந்து இதன் திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தால் 10. 2, 3, 10 மூன்றுக்கும் உரிமைப் பட்டியல் வேறு வேறு. பகிர்ந்த கோப்புறை திறக்கிறது, ஆனால் அதே கணினியில் உட்கார முடியவில்லை என்று யாராவது சொன்னால் குழம்ப ஒன்றுமில்லை, ஒரு பட்டியலில் பெயர் இருக்கிறது, மற்றதில் இல்லை.

நேரே உட்காரும் உரிமை புதிய விண்டோஸ் கணினி ஒன்றில் அட்மின் குழுவுக்கும் சாதாரணப் பயனர் குழுவுக்கும் இயல்பாகவே இருக்கும். காப்புப்பிரதி எடுப்போர் குழுவும் விருந்தினர் கணக்கும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. கணினியை டொமைனில் சேர்த்ததும் டொமைன் பயனர்கள் அனைவரும் அந்தச் சாதாரணப் பயனர் குழுவுக்குள் தாமாகவே வந்துவிடுவார்கள். ஆகவே ஒன்றும் செய்யாமல் விட்டால் எல்லோரும் எல்லாக் கணினியிலும் நுழையலாம். ஒருவரால் முடியவில்லை என்றால், யாரோ எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

எங்கே என்று பார்க்க அட்மினாக நுழைந்து உள்ளூர்ப் பாதுகாப்புக் கொள்கையைத் திறந்தேன். பயனர் உரிமைகள் பகுதியில் நேரே உட்காரும் உரிமைக்கான வரி இருந்தது, ஆனால் சேர்க்கும் பொத்தானும் நீக்கும் பொத்தானும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தன. இது நல்ல தடயம். இங்கே எதையும் மாற்றாதே, எனக்கு மேலே ஒருவர் தீர்மானித்துவிட்டார் என்று கணினி சொல்கிறது. அந்த மேலே உள்ளவர் சர்வரின் குரூப் பாலிசி, அதாவது சர்வரிலிருந்து கணினிகளுக்கு அனுப்பப்படும் கொள்கை.

பலர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. சர்வரிலிருந்து வரும் கொள்கை, கணினியில் ஏற்கெனவே இருக்கும் பட்டியலோடு தன் பெயர்களையும் சேர்க்கும் என்று நினைப்பார்கள். சேர்க்காது. இந்த உரிமையைப் பொறுத்தவரை மேலிருந்து வரும் பட்டியல் பழையதை அப்படியே தூக்கிவிட்டுத் தன்னை வைக்கும். முதலில் கணினியின் சொந்தக் கொள்கை, பிறகு தளம், பிறகு டொமைன், கடைசியில் டொமைனுக்குள் அந்தக் கணினி எந்தப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறதோ அதற்கான கொள்கை என்று வரிசை. பொதுவாகக் கடைசியில் வந்தவர் சொல்தான் செல்லும். டொமைன் முழுவதுக்குமான கொள்கையில் நீங்கள் அழகாக ஒரு குழுவைச் சேர்த்திருக்கலாம். பிரிவுக்கான கொள்கையில் அதே உரிமை வேறு மாதிரி எழுதியிருந்தால் உங்கள் உழைப்பு வீண்.

எந்தக் கொள்கை வென்றது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஜிபி-ரிசல்ட் என்ற கட்டளையை அறிக்கை எடுக்கும் வடிவில் ஓட்டினால் ஒரு வலைப்பக்கம் போல எல்லாவற்றையும் விரித்துக் காட்டும், ஒவ்வொரு வரிக்கும் எதிரே வென்ற கொள்கையின் பெயரோடு. கட்டளைத் திரையை அட்மின் உரிமையோடு திறக்க வேண்டும். சும்மா திறந்தால் பயனர் பகுதி மட்டும் வரும், கணினிப் பகுதி வராது. கணினிக்குக் கொள்கையே போகவில்லை என்று அதைப் பார்த்துவிட்டு முடிவு கட்டியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

அறிக்கையில் விடை பளிச்சென்று இருந்தது. சர்வரை நிறுவிய பழைய ஆட்கள் தாக்கல் கணினிக்கென்று தனிப் பிரிவும் தனிக் கொள்கையும் வைத்திருந்தார்கள். அதில் உட்கார அட்மின்களுக்கும், கணக்கு எழுதுபவர்கள் இருக்கும் கணக்குக் குழுவுக்கும் மட்டும் அனுமதி. பலருடைய டிஜிட்டல் கையொப்பம் செருகப்படும் கணினி என்பதால் அது அறிவுள்ள ஏற்பாடுதான். பயிற்சிக்கு வருபவர்கள் வேறு குழுவில் இருந்தார்கள். கணினி தன் கடமையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

கணக்கர் உடனே ஒரு வழி சொன்னார், "அப்படியென்றால் அந்தப் பெண்ணைக் கணக்குக் குழுவில் போட்டுவிடுங்கள்." கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. போடுவதற்கு முன் அந்தக் குழு வேறு எங்கெல்லாம் பயன்படுகிறது என்று பார்த்தேன். சர்வரில் பங்குதாரர்களின் சொந்தக் கோப்புறை, ஊழியர் சம்பளக் கோப்புறை இரண்டுக்கும் அதே குழுவுக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஜன்னலோரக் கணினியில் உட்கார வைக்கப் போய், சேர்ந்த மாதமே அலுவலகத்தில் எல்லோருடைய சம்பளத்தையும் அந்தப் பெண்ணுக்குத் திறந்து காட்டியிருப்போம். நான் போகும் அலுவலகங்களில் பாதிச் சிக்கல் இந்த வகைதான், ஒரே குழுவைக் கதவுக்கும் பெட்டிக்கும் சேர்த்துச் சாவியாக்கி வைத்திருப்பார்கள்.

ஆகவே தாக்கல் கணினியில் நுழைவோர் என்று புதிதாக ஒரு குழுவை உருவாக்கினேன். அந்தக் குழுவுக்கு வேறு எங்கும் எந்த உரிமையும் கிடையாது. கொள்கையில் அதைச் சேர்த்து, அந்தப் பெண்ணைக் குழுவில் போட்டேன். மாறிய கொள்கை கணினிகளுக்குத் தானாகப் போய்ச்சேர 90 நிமிடங்கள் ஆகும், அதற்கு மேல் 30 நிமிடம் வரை கூடவும் செய்யும். 20ஆம் தேதி மாலையில் அதற்காகக் காத்திருக்க முடியாது. ஜன்னலோரக் கணினியில் அட்மினாக நுழைந்து, கொள்கையை உடனே புதுப்பிக்கும் ஜிபி-அப்டேட் கட்டளையைக் கொடுத்தேன். பிறகு அவரை நுழையச் சொன்னேன். நுழைந்தார்.

குழுவில் சேர்த்த பிறகும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற விவரம் அவர் உள்நுழையும் நொடியில் அவர் கையில் கொடுக்கப்படுகிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குப் புதிய குழு தெரியாது. கோப்புறை அனுமதி கொடுத்துவிட்டு "இன்னும் திறக்கவில்லையே" என்று ஆராய்ச்சியில் இறங்குவதற்கு முன் வெளியேறி மறுபடி நுழையச் சொல்லுங்கள். திரையைப் பூட்டித் திறந்து பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். முழுமையாக வெளியேற வேண்டும்.

அனுமதிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே மறுப்புப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. இரண்டிலும் ஒருவர் பெயர் இருந்தால் மறுப்புதான் ஜெயிக்கும். காப்புப்பிரதி எடுக்கும் மென்பொருளுக்கென்று உருவாக்கிய கணக்குகளை யாரும் நேரே பயன்படுத்தாமல் இருக்க ஒரு குழுவில் போட்டு மறுப்பது நல்ல பழக்கம். அந்தக் குழுவில் தவறிப்போய் ஒரு மனிதரைச் சேர்த்துவிட்டால், அனுமதியை எத்தனை இடத்தில் கொடுத்தாலும் அவர் வாசலிலேயே நிற்பார்.

இனி மற்ற வகைகள். இவற்றில் உரிமை காரணமாக இருக்காது, ஆனால் அலுவலகத்தார் வாயில் எல்லாம் ஒரே புகார்தான்.

கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்கிறது என்றால் சர்வரில் 4740 என்ற பதிவைத் தேடுங்கள். எந்தக் கணினியிலிருந்து தவறான கடவுச்சொல் வந்துகொண்டே இருக்கிறது என்று அது பெயரோடு சொல்லும். பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. வேறொரு மேசையில் வெளியேறாமல் விட்டுப்போன ஓர் உள்நுழைவு, பழைய கடவுச்சொல்லோடு பதிந்துவைத்த பகிர்வு இணைப்பு, கடவுச்சொல் மாற்றியதை அறியாத கைப்பேசி, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை இனிஷியல். எஸ். கார்த்திக், கே. கார்த்திக், கார்த்திக் எஸ். என்று ஒரே அலுவலகத்தில் மூன்று பேர் இருப்பார்கள். பயனர் பெயரில் இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதற்கு ஒரு விதி கிடையாது, சர்வரை அன்று யார் பார்த்தார்களோ அவர் விருப்பம். பதிவில் 64 வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இதோடு சேர்ந்த இன்னொன்று, ஒரே பெயரில் கணினியிலும் ஒரு கணக்கு, டொமைனிலும் ஒரு கணக்கு இருப்பது. பெயர் ஒன்றானாலும் விண்டோஸுக்கு அவர்கள் இரண்டு பேர். உள்நுழைவுத் திரையில் கடவுச்சொல் பெட்டிக்குக் கீழே எதற்குள் நுழைகிறீர்கள் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

புயல், மழைக்குப் பின் வரும் அழைப்புகள் தனி ரகம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மின்சாரமும் போனது, தெருக்களில் தண்ணீரும் நின்றது. அப்படி நாட்கணக்கில் அணைந்து கிடக்கும் பழைய கணினிகளில், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். கணினிக்கும் சர்வருக்கும் நேர வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால் டொமைன் சரிபார்ப்பு தகராறு செய்யும். அதுதான் இயல்பான வரம்பு. 2032 என்ற எண்ணுள்ள அந்த பேட்டரி எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும். கடற்கரைக் காற்று படும் அலுவலகங்களில் அந்த பேட்டரி உட்காரும் உலோகத் தகட்டையும் துடைத்துப் பாருங்கள்.

அந்தச் சமயங்களில் கேட்கும் இன்னொரு புகார், கணினிக்கும் டொமைனுக்கும் நம்பிக்கை உறவு முறிந்தது என்ற செய்தி. நீண்ட நாள் அணைத்துவைத்ததால் வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. கணினிக்கும் சர்வருக்கும் இடையே ஒரு ரகசியக் கடவுச்சொல் உண்டு, 30 நாளுக்கு ஒருமுறை கணினிதான் அதை மாற்றிக்கொள்ளும். கணினி தூங்கினால் மாற்றமும் காத்திருக்கும். முறிவது எப்போதென்றால், கெட்டுப்போன கணினியைப் பழைய காப்புப்பிரதியிலிருந்து மீட்கும்போது. கணினி பழைய ரகசியத்தோடு எழுந்து நிற்கும், சர்வரிடம் புதியது இருக்கும். கணினியின் சொந்த அட்மின் கணக்கில் நுழைந்து பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் பாதுகாப்பு இணைப்பைச் சரிசெய்யும் கட்டளையை ஓட்டினால் போதும், டொமைனிலிருந்து விலக்கிச் சேர்க்கும் சடங்கு பல நேரம் தேவையே இல்லை. அதற்கு அந்தச் சொந்த அட்மின் கடவுச்சொல் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

தட்டாஞ்சாவடியில் ஓர் அலுவலகத்தில் பழைய ஊழியர்கள் எல்லோரும் நுழைகிறார்கள், புதியவர் மட்டும் எந்தக் கணினியிலும் நுழைய முடியவில்லை. உரிமைச் சிக்கல் போலவே தோன்றும். உண்மையில் சர்வரை எந்தக் கணினியும் தொடவே இல்லை. முன்பு நுழைந்தவர்களின் விவரத்தைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும், இயல்பாகக் கடைசி 10 பேர் வரை. அவர்கள் அந்த நினைவின் பலத்தில் நுழைந்துகொண்டிருந்தார்கள். புதியவரை எந்தக் கணினிக்கும் நினைவில்லை. இணைய இணைப்பு மாற்ற வந்தவர் எல்லாக் கணினிகளுக்கும் டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் இடத்தைக் காட்டும் சேவை) முகவரியாக வெளியே உள்ள ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், அதனால் கணினிகளால் சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சர்வரின் முகவரியைத் திரும்பக் கொடுத்ததும் சரியானது. இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை சர்வரில் முடக்கிவிட்டீர்கள், மடிக்கணினியோ அவர் வீட்டில் இருக்கிறது. வலையமைப்பில் சேராதவரை அந்தக் கணினி அவரை விட்டுக்கொண்டேதான் இருக்கும். கணினியைக் கையில் வாங்கிய பிறகு அவருடைய சம்பளக் கணக்கைத் தீருங்கள்.

வீட்டிலிருந்தோ கிளையிலிருந்தோ ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைபவர்களுக்கு உரிமை வேறு என்று முன்பே சொன்னேன். ரிமோட் டெஸ்க்டாப் பயனர் குழுவில் சேர்த்தால் சாதாரணக் கணினியில் போதும். டொமைன் சர்வரில் போதாது, அங்கே அந்தக் குழுவுக்கு இயல்பாக அனுமதி இல்லை. சிறிய அலுவலகங்களில் டேலி என்ற கணக்கு மென்பொருளை அந்த ஒரே சர்வரில் போட்டுவிட்டு எல்லோரையும் அதற்குள் நுழையவிடக் கேட்கிறார்கள். நான் மறுத்துவிடுவேன். எல்லாச் சாவிகளும் இருக்கும் அறையில் கணக்கு எழுத ஆள் உட்கார வைப்பதில்லை. பழைய கணினி ஒன்றை ஒதுக்கி அதில் டேலியை வைக்கச் சொல்வேன். செலவு என்று முகம் சுளிப்பார்கள், பிறகு செய்வார்கள்.

அரியாங்குப்பத்தில் ஒருவர் தள்ளுபடியில் மடிக்கணினிகளை மொத்தமாக வாங்கிவிட்டு, டொமைனில் சேர்த்துத் தரச் சொல்லி அழைத்தார். எல்லாம் விண்டோஸ் ஹோம் பதிப்பு. அதை டொமைனில் சேர்க்கவே முடியாது, வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அதற்குள் வரவும் முடியாது. புரோ பதிப்புக்கு உரிமம் மாற்றத் தனியாகப் பணம் கட்டினார், தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது அதிலேயே போயிற்று. அலுவலகத்துக்குக் கணினி வாங்கும்போது நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதோடு பில்லில் புரோ என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.